கச்சானில் ஒரு நாள்: திருகோணமலைப் பாய்ப்படகு உலா

திருகோணமலையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, எங்கள் ஊர்க் கடலில் ஒரு நாள் சுற்றுவதற்குத் தலைக்கு 16,000 ரூபாய் கொடுப்பது கூச்சமாகத்தான் இருந்தது. ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த தங்கையும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் விரும்பிக் கேட்டதால், ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் ஒரு மரப்படகில் ஏறினோம். அப்பாவும் மகன்மாரும் நடத்தும் சிறிய தொழில் அது. பழைய சரக்கு வள்ளம் ஒன்றைத் திருத்தி, பாய்மரம் நட்டு, எட்டுப் பேர் இருக்கக்கூடியதாக வாங்குகள் போட்டிருக்கிறார்கள்.

விளம்பரத்தில் ‘அன்னபூரணி வழி வந்த மரக்கலம்’ என்று போட்டிருந்தார்கள். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, நம்மவர்கள் ஓட்டிச் சென்று 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணி, இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல். இது ஒற்றைப் பாய்மரமும் முக்கோணப் பாயும் உள்ள வள்ளம். அந்தப் பெயரை இழுக்காமலே இந்தப் படகு தன் காலில் நிற்கும். வேப்பம் பலகை, இலுப்பைப் பலகை என்று படகின் தலைவரான தண்டையல் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பற்று அடித்திருந்த வரிகளை விரலால் தடவிப் பார்த்தேன். ஓரிடத்திலும் ஈரம் கசியவில்லை. பைபர் கிளாஸ் படகு அலையில் படும்போது முதுகில் அறைவது போலிருக்கும். இது அலையை வாங்கிக்கொண்டு மெல்ல இறங்குகிறது.

காலை ஆறரைக்கு உட்துறைமுகத்து ஜெற்றியிலிருந்து புறப்பட்டோம். அடையாள அட்டை இலக்கங்களை முதல் நாளே வாங்கியிருந்ததால் சோதனை விரைவாக முடிந்தது. கடற்படைத் தளத்துப் பக்கம் படம் எடுக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்கு இரண்டு தடவை சொன்னார்கள். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. ஒஸ்ரன்பேர்க் முனையைத் தாண்டும்வரை எஞ்சின்தான். பாய்ப்படகு என்று காசை வாங்கிவிட்டு எஞ்சினில் ஓட்டுகிறார்களே என்று என் முகம் மாறியதைத் தண்டையல் கண்டுகொண்டார். “பொறுங்கோ ஐயா, கச்சான் எழும்பட்டும்” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சோழகக் காலத்தில் எங்கள் கரைக்கு மேற்கிலிருந்து, தரையைக் கடந்து, வறண்ட சூட்டோடு வரும் காற்றுத்தான் கச்சான். காற்று கரையிலிருந்து வீசுவதால் கரையோரக் கடலில் பெரிய அலை எழும்பாது. கரை ஏறக்குறைய வடக்கு நோக்கி ஓடுவதால், வடக்கே நாங்கள் போகவிருந்த நிலாவெளிக்குப் போகும்போதும் திரும்பும்போதும் காற்றுப் பக்கவாட்டில் கிடைக்கும். காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து ஓடவேண்டியதில்லை. ஆனால் அதே காற்று, கவனம் பிசகினால் படகை ஆழ்கடலுக்குத் தள்ளிவிடும் என்பதால், எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு இந்தத் தொழில் செய்ய முடியாது.

டச்சுக் குடாவுக்கு வெளியே, ஒன்பது மணியளவில் பாய் ஏறியது. பாயை மேலே ஏற்றும் ஆஞ்சான் கயிற்றை இரண்டு பேர் இழுக்க, என் மருமகனும் கையைக் கொடுத்துத் தோல் உரித்துக்கொண்டான். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலைக்கு நேர் கீழே வந்ததும், கடலிலிருந்து ஏறக்குறைய 400 அடி செங்குத்தாக எழும் அந்தப் பாறை காற்றை முழுதாக மறைத்துவிட, பாய் துவண்டு பாய்மரத்தில் தட்டிக்கொண்டு தொங்கியது. மேலே கோயில் மணி கேட்டது. தண்டையல் மலையைப் பார்த்துக் கும்பிட்டு, ஒரு தேங்காயை உடைத்து அதன் நீரைக் கடலில் ஊற்றினார். 1620களில் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்களும் கற்களும் எங்களுக்குக் கீழேதான் கிடக்கின்றன. 1956இல் சுழியோடிய மைக் வில்சன் அவற்றில் சிலவற்றைக் கண்டார். மலையின் நிழலை விட்டு விலகியதும் காற்று ஒரேயடியாக வந்து பாயில் அறைந்தது. படகு சரிந்தது, தங்கை “ஐயோ அண்ணா” என்று என் தோளைப் பிடித்தாள், தண்டையலின் மகன் பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை ஒரு முழம் தளர்த்தியதும் படகு நிமிர்ந்து ஓடத் தொடங்கியது. எஞ்சின் நின்ற அந்த அமைதியில் பலகைகள் முனகும் சத்தம்கூடக் கேட்டது. கொடுத்த காசு பாயில் ஓடிய அந்த இரண்டரை மணி நேரத்துக்கே சரி.

சாப்பாடு வீட்டிலிருந்து கட்டி வந்தது: சோறு, பாரை மீன் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், மாங்காய்ச் சம்பல். குறை சொல்ல எதுவுமில்லை.

குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில் இறங்கலாம் என்று பதிவு செய்யும்போது சொன்னார்கள். அது 2003 முதல் தேசிய பூங்கா. நுழைவுச் சீட்டை நிலாவெளிக் கரையில்தான் எடுக்கவேண்டும். அதை யாரும் முன்கூட்டி எடுத்து வைக்கவில்லை. பவளப்பாறையையும் சிறு சுறாக்களையும் பார்க்கக் கண்ணாடி, குழாய் எல்லாம் கொண்டுவந்த பிள்ளைகள், தீவைத் தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அடுத்தது, படகில் கழிப்பறை இல்லை. பத்து மணி நேரப் பயணத்தில் பெண்களுக்கு இது சிறிய விடயமல்ல. உப்புவெளியில் ஒரு தடவை கரை ஒதுக்கியதோடு சமாளித்தோம். உயிர்காப்பு அங்கிகள் எல்லோருக்கும் இருந்தன, ஆனால் பிள்ளைகளின் அளவில் ஒன்றுகூட இல்லை. எட்டு வயது மருமகளுக்கு நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டவேண்டியிருந்தது. இந்தக் கடைசிக் குறையை நான் மன்னிக்கத் தயாரில்லை.

திமிங்கிலம் பார்க்க நினைப்பவர்கள் இதில் ஏறவேண்டாம். அதற்கு விடியற்காலையில் வேகப்படகில் ஆழ்கடலுக்குப் போகவேண்டும்.

இறங்கும்போது புறாத்தீவு விடயத்தைச் சொன்னேன். தண்டையல் வாதாடவில்லை, மகனைக் கூப்பிட்டுத் தலைக்கு 2,000 ரூபாய் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். போக விரும்புபவர்கள் முதல் நாள் பின்னேரம் அழைத்து, நாளைக்குக் கச்சான் இருக்குமா, புறாத்தீவுச் சீட்டு யார் எடுப்பது என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கான அங்கியை நீங்களே கொண்டுபோங்கள்.