ஆங்கி செயலி: அட்டை எழுதத் தெரிந்தால் அருமையான கருவி

ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். தேர்வுத் தாளைப் பார்த்ததும்தான் ஒன்றும் நிற்கவில்லை என்பது புரியும். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்க்க வேண்டும். அதையும் நாள் இடைவெளி விட்டுச் செய்ய வேண்டும். இந்த இரண்டையும் தினமும் தவறாமல் செய்ய வைக்கிறது ஆங்கி. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை என்று நாமே அட்டைகள் எழுதி வைத்துப் படிக்க, டேமியன் எல்ம்ஸ் 2006இல் வெளியிட்ட செயலி இது. கணினிக்கு இலவசம், ஆண்ட்ராய்டில் ஆங்கிட்ராய்டு என்ற பெயரில், அதுவும் இலவசம். ஐபோனுக்கான ஆங்கிமொபைலுக்கு மட்டும் ஒருமுறை பணம் கட்ட வேண்டும். பெயரை ஒட்டிக்கொண்டு வேறு செயலிகளும் உலவுகின்றன. மாதச் சந்தா கேட்டால் அது இதுவல்ல.

தோற்றத்தில் கவர்ச்சி எதுவும் கிடையாது. கேள்வி தெரியும், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் விடை வரும், கீழே அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி என்று நான்கு பொத்தான்கள். நீங்கள் எதை அழுத்துகிறீர்களோ அதை வைத்து அந்த அட்டை அடுத்து எப்போது வரும் என்று செயலி கணக்குப் போடும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். விடை மறந்துபோன அட்டைக்கு மனம் கேட்காமல் ஹார்ட் போடுவார்கள். ஹார்ட் என்றால் "சிரமப்பட்டாலும் நினைவுக்கு வந்தது" என்று பொருள். மறந்ததற்கு அதை அழுத்தினால், அட்டை தெரியும் என்றே செயலி எடுத்துக்கொண்டு இடைவெளியை நீட்டிவிடும். மறந்தால் அகெய்ன், வந்தால் குட்; ஆரம்பத்தில் இந்த இரண்டு போதும்.

பலனில் பெரும்பகுதி அட்டையை எழுதும் விதத்தில் இருக்கிறது. "இதயத்தின் நான்கு அறைகளையும் அவற்றின் வேலைகளையும் எழுதுக" என்பது தேர்வுக் கேள்வியாக இருக்கலாம், அட்டைக்கு உதவாது. மூன்று அறை நினைவுக்கு வந்து ஒன்று விட்டுப்போனால் எந்தப் பொத்தானை அழுத்துவது? அகெய்ன் போட்டால், தெரிந்த மூன்றும் சேர்ந்து திரும்பத் திரும்ப வந்து நேரத்தைத் தின்னும். அதையே உடைத்து எழுதுங்கள்: "நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் முதலில் எந்த அறைக்குள் நுழைகிறது?" விடை, இடது ஆரிக்கிள். அடுத்த அட்டை, "இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிடத் தடிமனாக இருப்பது ஏன்?" விடை, அது உடல் முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ள வேண்டும்; வலது வெண்ட்ரிக்கிள் நுரையீரலுக்கு மட்டும் தள்ளுகிறது. 'ஏன்' அட்டைகளைத் தாராளமாகச் சேர்க்கலாம், பாடம் துண்டு துண்டாகச் சிதறாமல் அவைதான் பிடித்துக்கொள்ளும். படங்களுக்கு இமேஜ் ஆக்லூஷன் வசதி உண்டு: பாகத்தின் பெயரை மறைத்துவிட்டு, அது என்ன என்று கேட்கும்.

அடுத்தவர் செய்த டெக்கை, அதாவது அட்டைத் தொகுப்பை, இறக்கிப் படிப்பது சுலபமாகத் தோன்றும். ஆனால் புரியாத பாடத்தை அட்டையில் ஏற்றினால் சொற்கள்தான் மனப்பாடமாகும். முதலில் பாடத்தைப் படியுங்கள், அட்டை பிறகு. ஒரே அட்டையில் 8 முறை தவறினால் செயலி அதற்கு 'லீச்' என்று அடையாளம் போடும். அப்போது இன்னும் முட்டி மோதாமல் அட்டையைத் திருத்தி எழுதுங்கள். பெரும்பாலும் கேள்விதான் கோளாறு.

புதிய அட்டைகள் நாளுக்கு 20 என்பது தொடக்க அமைப்பு. குறைவுதானே என்று 60 ஆக்கிவிடாதீர்கள். தினமும் 20 புதியவை சேர்த்துக்கொண்டே போனால் சில வாரங்களில் திருப்புதல் மட்டும் நாளுக்கு 200 அட்டை அளவுக்கு வந்து நிற்கும். அட்டைக்கு 8 முதல் 10 நொடி என்றாலும் அரைமணி நேரம். பல பாடங்கள் உள்ள மாணவர் 10இல் தொடங்குவது நல்லது.

டெக் அமைப்புகளில் அட்டை அடுத்து எப்போது வர வேண்டும் என்று கணிக்க எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்கீட்டு முறை இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். நினைவு விகிதம், அதாவது அட்டை திரும்ப வரும்போது விடை நினைவில் இருக்க வேண்டிய வாய்ப்பு, 90 சதவீதம் என்று இருப்பதைத் தொட வேண்டாம். 95 ஆக்கினால் இடைவெளிகள் ஏறத்தாழப் பாதியாகும், 97 என்றால் கால்பங்கு ஆகிவிடும். அந்த வேலைப்பளுவைப் பார்த்து ஒரு மாதத்தில் செயலியையே மூடிவிடுவார்கள்.

கவனம் சிதறுபவர்களுக்குக் கணினிப் பதிப்புதான் ஏற்றது. அதன் விருப்பத் தேர்வுகளில் டைம்பாக்ஸ் என்ற ஒன்று உண்டு. 15 நிமிடம் என்று வைத்தால், அந்த நேரம் முடிந்ததும் எத்தனை அட்டை முடித்தீர்கள் என்று காட்டும். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடரலாம். கைபேசியில் படிப்பதாக இருந்தால் மற்ற அறிவிப்புகளை அணைத்துவிட்டே உட்காருங்கள்.

கணக்கு போடவும் கட்டுரை எழுதவும் ஆங்கி கற்றுத்தராது. சூத்திரமும் அது எப்போது பொருந்தும் என்பதும் அட்டையில் நிற்கும், கணக்கைத் தாளில்தான் போட்டுப் பழக வேண்டும்.

சில நாள் விட்டுப்போய் 500 அட்டை குவிந்துவிட்டால் டெக்கை அழிக்காதீர்கள். புதியவற்றை 0 ஆக்கி, திருப்புதல் வரம்பை 100 என்று வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கணினியிலும் கைபேசியிலும் உள்ள அட்டைகள் ஒத்துப்போகாமல் செயலி "அப்லோடா, டவுன்லோடா" என்று கேட்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள்: ஒன்று மற்றொன்றை முழுவதுமாக மேலெழுதிவிடும். கடைசியாக எந்தக் கருவியில் படித்தீர்கள் என்று பாருங்கள், முதலில் அதிலிருந்து எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி எடுத்துவைத்துக்கொண்டு பிறகு அழுத்துங்கள்.