உப்புத் தண்ணீரிலும் ஓடும் என்று சொல்லி விற்ற போன், ₹18,500 போச்சு. ரஃப் யூஸ் போன் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

₹18,500. மொத்தமாகப் போச்சு. இன்று மத்தியானம்தான் சர்வீஸ் சென்டரிலிருந்து செத்த போனை அப்படியே திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து ஐப்பசி கார்த்திகை மழை வரப் போகிறது, ‘தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லி இந்த மாதிரி போன்களை நம் டெல்டா பக்கம் தள்ளிவிடுவதற்கு இதைவிடத் தோதான நேரம் கடைக்காரர்களுக்குக் கிடையாது. எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுக்கு முத்துப்பேட்டைப் பக்கம் வனாமி இறால் குட்டை. ராத்திரிக் காவல் என் வீட்டுக்காரர், கணக்கு வழக்கு நான். கரண்ட் போனால் தண்ணீரில் காற்றைக் கலக்கிற ஏரேட்டர் நின்றுவிடும், ஜெனரேட்டரை உடனே ஓட்டவில்லை என்றால் விடிவதற்குள் தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கி இறால் மேலே வந்து தவிக்க ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் ஆளைக் கூப்பிட அவர் கையில் போன் வேலை செய்தே ஆக வேண்டும். சாதாரண போன்கள் உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு ஒவ்வொன்றாகப் போனதால்தான், சீட்டு எடுத்த பணத்தில் நல்லதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று கிளம்பினோம்.

கடை பெயரை எழுதவில்லை. டவுனில் இருக்கிற பெரிய செல்போன் கடை, பல பிராண்டு விற்கிற கடை, அவ்வளவு போதும். உள்ளே போனதும் நான் சொன்ன முதல் விஷயமே எதற்கு வாங்குகிறோம் என்பதுதான்: இறால் குட்டை, உப்புத் தண்ணீர், ராத்திரி வேலை. கவுண்டரில் இருந்த பையன் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. “அக்கா, உங்களுக்குன்னே செஞ்ச போன் இது. ஐபி 68, ஐபி 69கே, மிலிட்டரி ஸ்டாண்டர்டு. கடல்லயே போடலாம்” என்றான். கவுண்டர் மேல் ஒரு கண்ணாடித் தொட்டி, அடியில் கலர் கல், அதற்குள் அதே மாடல் போன் முழுகிக் கிடக்கிறது, அதில் வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. கையை விட்டு எடுத்தான், சட்டையில் துடைத்தான், “உங்க நம்பர் சொல்லுங்கக்கா” என்று கேட்டு அந்த ஈரப் போனிலிருந்தே எனக்குக் கூப்பிட்டான். என் பைக்குள் போன் அடித்தது. எடுத்து அலோ என்றேன், அவன் குரல் கணீரென்று கேட்டது. இதைப் பார்த்த பிறகும் நம்பாமல் இருக்க முடியுமா?

அதற்கப்புறமும் கேட்டேன், “தம்பி, தண்ணி உள்ள போயிட்டா என்ன பண்றது?” “போகவே போகாதுக்கா. ஒரு வருஷம் ஃபுல் வாரண்டி. எதுவானாலும் நேரா எங்கிட்ட கொண்டாங்க, நான் பார்த்துக்கறேன்.” ₹18,500 கட்டினேன்.

மழை வெயில் எல்லாம் தாங்கியது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அப்புறம் ஒரு சாயங்காலம் இறால் தீவனம் தின்கிறதா என்று பார்க்கிற செக் ட்ரேயைத் தூக்கும்போது இவர் சட்டைப் பையிலிருந்து நழுவிக் குட்டைக்குள் விழுந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான், துழாவி உடனே எடுத்துவிட்டார். சார்ஜர் போடுகிற இடத்து ரப்பர் மூடி இறுக்கமாக மூடித்தான் இருந்தது, சிம் டிரேயும் சரியாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி போன் ஓடியது. காலையில் பார்த்தால் கேமரா கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்திருக்கிறது. ஸ்பீக்கர் கரகரத்தது. மறுநாள் சார்ஜ் ஏறவில்லை. அதோடு சரி, திரை கறுத்துவிட்டது.

கடைக்குப் போனோம். அதே பையன்தான், ஆனால் பார்வையே மாறிவிட்டது. “அக்கா, நாங்க விக்கிறதோட சரி, கம்பெனி மேட்டர் கம்பெனிலதான் பார்க்கணும்.” நான் பார்த்துக்கறேன் என்று சொன்னாயே தம்பி என்றால், முதலாளியிடம் பேசுங்கள் என்கிறான். முதலாளி என் முகத்தையே பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரிடம் திரும்பி, “அண்ணே, தண்ணியில போட்டா எந்த போன்ணே தாங்கும்?” என்கிறார். பணம் வாங்கும்போது என்னிடம் வாங்கினார்கள், பதில் மட்டும் அவரிடம். அந்தக் கண்ணாடித் தொட்டி அப்போதும் கவுண்டர் மேல்தான் இருந்தது, பக்கத்தில் வேறு யாரோ ஒருவருக்குப் போனை எடுத்துத் துடைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள்!

சர்வீஸ் சென்டருக்குத் தஞ்சாவூர் வரை போக வேண்டியிருந்தது. அங்கே சிம் டிரேயை ஊசியால் தள்ளி எடுத்து உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார்கள். நகக்கண் அளவு கூட இல்லாத ஒரு ஸ்டிக்கர், வெள்ளையாக இருக்க வேண்டியது சிவந்துபோய் இருந்தது. தண்ணீர் பட்டால் அது நிறம் மாறுமாம். “லிக்விட் டேமேஜ் மேடம், வாரண்டி கிடையாது. போர்டு மாத்த ₹11,200 ஆகும்.” தண்ணீர் உள்ளே போகாது என்று சொல்லித்தானே விற்றீர்கள், உள்ளே போயிருக்கிறது என்றால் பொருள் சரியில்லை என்றுதானே அர்த்தம், அதற்கு நான் எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று கேட்டேன். பெட்டிக்குள் இருந்த சின்னப் புத்தகத்தைப் புரட்டி நீட்டினார். எறும்பு சைஸ் எழுத்தில் இருக்கிறது: நன்னீரில், 1.5 மீட்டர் ஆழத்தில், 30 நிமிடம் வரை, ஆய்வக நிலையில் சோதித்தது. அடுத்த பக்கத்தில், திரவத்தால் ஆகும் சேதத்துக்கு வாரண்டி இல்லை. பெட்டி மேல் 68 என்று கட்டைவிரல் உயரத்துக்குப் போட்டிருக்கிறார்கள், இதை மட்டும் உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள். கஸ்டமர் கேரில் கூப்பிட்டால் பாட்டுப் போட்டுக் காக்க வைத்து, கடைசியில் வாங்கிய கடையை அணுகுங்கள் மேடம் என்று வைத்துவிட்டார்கள்.

வயிற்றெரிச்சலில் உட்கார்ந்து இந்த நம்பர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். கடையில் ஒருவரும் சொல்லாதது இது. ஐபி எண்கள் ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரத்தில் வருகிறவை. முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. 6 என்றால் தூசி உள்ளே நுழையாது. தண்ணீருக்கு 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கடுமை, ஆனால் எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதைக் கம்பெனியே சொல்லிக்கொள்ளலாம். ஒரு போனுக்கு 1.5 மீட்டர், இன்னொன்றுக்கு 6 மீட்டர், இரண்டு பெட்டியிலும் அதே 68தான். சோதிப்பது புதுப் போனை, அதுவும் நல்ல தண்ணீரில், போனுக்கும் தண்ணீருக்கும் சூட்டில் 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லாமல். வேலை செய்கிறவர் சட்டைப் பையில் வெயிலில் காய்ந்த போன் திடீரென்று குட்டைத் தண்ணீரில் விழுந்தால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, இடுக்கில் இருக்கிற தண்ணீரை உள்ளே இழுக்கும். ரப்பரும் பசையும் சூட்டிலும் நாள்பட்டும் தளர்ந்துபோகும். உப்புத் தண்ணீர் உலோகத்தை அரிக்கும், கரண்ட் ஓடும் இடமென்றால் இன்னும் வேகமாக அரிக்கும்.

69கே என்பது அதைவிட அநியாயம். கொதிக்கிற மாதிரி 80 டிகிரித் தண்ணீரை, 80 முதல் 100 பார் அழுத்தத்தில், ஒரு சாண் தூரம் கூட இல்லாமல் பக்கத்திலிருந்து பீய்ச்சுவார்கள், ஒரு கோணத்துக்கு 30 வினாடி. வண்டி பாகங்களைப் பிரஷர் வாஷ் பண்ணுவதற்காக ஜெர்மனியில் வந்த சோதனை அது. குட்டையில் முழுகுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதேபோல 8 இருக்கிறது என்பதற்காக 5, 6 தானாக வந்துவிடாது, அவை குழாயில் பீய்ச்சியடிக்கிற தண்ணீருக்கு, தனியாகச் சோதித்திருக்க வேண்டும். பம்ப்செட் வாயில் நின்று வேலை பார்க்கிற விவசாயிகள் இதைக் கவனியுங்கள். மிலிட்டரி ஸ்டாண்டர்டு 810எச் என்கிறார்களே, அது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளைத் தொகுத்த ஆவணம், அதில் எந்தெந்தச் சோதனை செய்வது என்று கம்பெனியே தேர்ந்தெடுக்கலாம், ராணுவம் யாருக்கும் சர்டிபிகேட் தருவதில்லை.

இந்த ஆதங்கம் எனக்கு மட்டும் வந்ததில்லை. கடலிலும் நீச்சல் குளத்திலும் போனை வைத்து விளம்பரம் செய்ததற்காக 2022-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங் நிறுவனத்துக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அங்கே விளம்பரத்துக்கே அபராதம். இங்கே நேருக்கு நேராகக் கடல்லயே போடலாம் என்று சொல்லி ₹18,500 வாங்கிக்கொண்டு, எந்த போன்ணே தாங்கும் என்று கேட்கிறார்கள்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டியைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கிற வாரண்டிப் புத்தகத்தைப் பிரிக்கச் சொல்லிக் கடையிலேயே படியுங்கள். உப்புத் தண்ணீருக்கும் வாரண்டி உண்டு என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். உப்புத் தண்ணீரில் விழுந்துவிட்டால் உடனே ஆஃப் பண்ணி, நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள், காயாமல் சார்ஜ் மட்டும் போடவே போடாதீர்கள். பில்லைத் தொலைக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடவும் பேப்பர் எடுத்து வைக்கிறேன், ₹5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, பிரச்சினை வந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் இதே மாதிரி போனில் பணம் இழந்தவர்கள் பில் வைத்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள், என் ₹18,500-ஐ நான் விடப் போவதில்லை, நீங்களும் விடாதீர்கள்.