அக்ரீ டு டிஸ்அக்ரீக்கு அர்த்தம் தேடப் போய் வாங்கின டிக்‌ஷனரி

ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி, பத்தாவது எடிஷன், 2020ல வந்தது. இத வாங்க வச்சது ஒரே ஒரு மெயில்தான்.

எங்க டீம்ல ஒரு தம்பி, நல்ல வேலைக்காரன், கிளையன்ட் டெலிவரிய ரெண்டு நாள் முன்னாடியே தரச்சொல்லி மெயில் போட்டாங்க, அதுக்கு முதல் பதில்லயே 'லெட்ஸ் அக்ரீ டு டிஸ்அக்ரீ'ன்னு எழுதி அனுப்பிட்டான். மரியாதையா மறுக்கிறோம்னு நெனச்சுதான் எழுதினான், ஆனா அந்தப் பக்கம் படிச்சவங்களுக்கு 'இதோட பேச்ச முடிச்சுக்கோங்க'ன்னு பட்டிருக்கு, உடனே மேனேஜருக்கு போன். பையன் முகம் சுண்டிப்போச்சு. "அண்ணே, அர்த்தம் சரியாத்தானே இருக்கு"ன்னு கேட்டுட்டே இருந்தான், எனக்கும் பதில் தெரியல.

கருத்து வேறுபாட்ட ஏத்துக்கிறதுன்னு அர்த்தம் போட்டா அது பாதிதான். இந்த டிக்‌ஷனரியில 'அக்ரீ'க்கு கீழ இடியம் பகுதியில மீதியும் இருக்கு: ரெண்டு பேரும் ஒத்துப்போக மாட்டோம்னு புரிஞ்சுக்கிட்டு, மேல பேசாம விட்டுடறது. அந்த 'மேல பேசாம'தான் விஷயமே. எங்க அப்பாவும் சித்தப்பாவும் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அரசியல் பேசிட்டு, கடைசில துண்ட உதறி தோள்ல போட்டுக்கிட்டு "சரி விடு, உன் கருத்து உனக்கு, என் கருத்து எனக்கு"ன்னு எந்திரிப்பாங்க பாருங்க, அந்த இடத்துல சொல்ற வார்த்தை இது. வாய தொறக்கும்போதே அத சொன்னா எதிராளிக்கு கோவம் வராம என்ன செய்யும்? அதுவும் ரெண்டு பேரும் சேர்ந்து ஒத்துக்கணும், ஒருத்தர் மட்டும் அறிவிக்க முடியாது.

ஆரம்பத்துலயே மறுக்கணும்னா அதுக்கு 'ஐ பெக் டு டிஃபர்' இருக்கு, கொஞ்சம் ஃபார்மலான பேச்சு, அதுக்கப்புறம் காரணத்த சொல்லியாகணும்.

இந்த வார்த்தைக்கு பின்னாடி ஒரு பெரிய நட்பு இருக்கு. ஜார்ஜ் விட்ஃபீல்டு, ஜான் வெஸ்லி ரெண்டு பேரும் இங்கிலாந்து போதகர்கள், யாருக்கு மீட்புன்னு கடவுள் முன்கூட்டியே முடிவு பண்ணிட்டாரா இல்லையான்னு வருஷக்கணக்கா மோதிக்கிட்டவங்க. 1770ல விட்ஃபீல்டு இறந்தப்போ நினைவுப் பிரசங்கம் பண்ணது வெஸ்லிதான், அதுல, அவ்வளவு முக்கியமில்லாத கோட்பாடுகள்ல நாம 'அக்ரீ டு டிஸ்அக்ரீ' பண்ணலாம்னார். வருஷக்கணக்கா மோதிக்கிட்ட பிறகு சொன்ன வார்த்தை, அத நாம முதல் மெயில்ல போடறோம்!

இந்த டிக்‌ஷனரிய ஆரம்பிச்ச ஹார்ன்பி ஜப்பான்ல இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர், முதல்ல 1942ல டோக்கியோவுலதான் வந்துச்சு, ஆக்ஸ்ஃபோர்ட் போட்டது 1948ல. இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவன் எங்க தடுக்கி விழுவான்னு பாத்து எழுதினது பக்கத்துக்கு பக்கம் தெரியுது. விளக்கத்துக்கே லேசான வார்த்தைங்கதான், அர்த்தத்துக்கு அர்த்தம் தேட வேண்டியதில்ல.

தம்பியும் நானும் உக்காந்து அந்த மெயில மாத்தி எழுதினோம். டெஸ்டிங்குக்கு அந்த ரெண்டு நாள் ஏன் வேணும்னு நாலு வரி, முதல் பகுதிய மட்டும் முன்னாடி தர்றோம்னு ஒரு வரி. ஒத்துக்கிட்டாங்க.

புக்கு கனம், எழுத்து பொடிசு. போன்ல போதும்னா இவங்க சைட்லயே ஃப்ரீயா பாக்கலாம், பிரிட்டிஷ் அமெரிக்கன் ரெண்டு உச்சரிப்பும் கேக்கலாம். எங்க டேபிள்ல புக்கே இருக்கு, மெயில் அனுப்புறதுக்கு முன்னாடி தம்பி வந்து பொரட்டிட்டு போறான்.