மருந்தடிக்கும் ட்ரோனைக் கழுவ: சேர்விஸ் கன்னா, ஈரத்துணியா, ஸ்பிரேயரா?

காலபோகத்தில் ஒரு நாள் வேலை முடிந்து பரந்தனுக்குத் திரும்பும்போது ட்ரோனின் கால்களில் வயற்சேறும் கைகளில் காய்ந்த மருந்துப் படலமும் அப்பியிருக்கும். உழவு மெஷின் என்றால் சேர்விஸ் ஸ்டேஷனில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். முதல் வருடம் ட்ரோனையும் அப்படித்தான் கொண்டுபோனேன். "வோட்டர் புரூப் தானே அண்ணை?" என்று கேட்டான், வேகமாய்த் தண்ணீர் பீய்ச்சும் சேர்விஸ் கன்னைப் பிடித்திருந்த தம்பி. "ஓம், ஐபி 67" என்றேன், பெருமையாக. மூன்றாம் நாள் ஒரு மோட்டார் அரைக்கத் தொடங்கியது.

பிழை தம்பியுடையதல்ல. ஐபி என்பது தூசும் தண்ணீரும் உள்ளே போகாமல் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் தரக்குறியீடு. அந்த 67-இல் 6 தூசுக்கு, 7 தண்ணீருக்கு. 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடாது என்பதுதான் 7. அந்த ஆழத்தில் தண்ணீர் தரும் அழுத்தம் 0.1 பார். சேர்விஸ் கன்னின் பம்போ சாதாரணமாக 100 பாரைத் தாண்டும். பீய்ச்சும் தண்ணீருக்குத் தனிச் சோதனைகள் உண்டு. குளத்தில் அமிழ்த்தித் தேறிய பொருள் அவற்றிலும் தேறும் என்று யாரும் உறுதி தரவில்லை. மோட்டார் சுருளுக்குத் தண்ணீர் பட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை, அதில் வார்னிஷ் பூச்சு இருக்கிறது. அடிவாங்குவது பெயரிங். கிறீஸ் கழுவுப்பட்டுப் போனால் துரு பிடிக்க நாளெடுக்காது.

பெரிய ஹெலிகொப்டர்களிலும் இதே கதைதான். ரொபின்சன் ஆர்44-இன் கைநூல் உயர் அழுத்தத் தண்ணீர் வேண்டாம் என்கிறது. மென்மையான சவர்க்காரமும் தண்ணீரும் போதுமாம். இறக்கை நுனியிலுள்ள வடிகால் துளைகளுக்குள் கொம்பிரசர் காற்றும் ஊதக்கூடாது. நம் ஆட்கள் கழுவியதும் முதலில் தேடுவது அந்தக் கொம்பிரசரைத்தான்! பெயரிங் பக்கம் காற்றடித்தால் ஈரம் வெளியே வராது, உள்ளேதான் போகும்.

ஈரத்துணியோ பாதுகாப்பில் முதலிடம். பற்றரி வாய், கனெக்டர், கமெரா எல்லாவற்றுக்கும் அதுதான் சரி. ஆனால் மடிப்பு மூட்டுகளில் புகுந்த சேற்றைத் துணி எடுக்காது, தேய்த்துப் பரப்பும். அந்த மணல் கமெராக் கண்ணாடியையும் கீறும்.

இப்போது நான் நிற்பது ஸ்பிரேயர் பக்கம். முதுகில் மாட்டி அடிக்கும் சாதாரண கை ஸ்பிரேயர்தான், ஆனால் களைநாசினி படாத புதியது. அழுத்தம் சில பார்தான். பற்றரியைக் கழற்றி, அதன் வாயைப் பொலித்தீனால் மூடி, மேலிருந்து கீழாகத் தெளித்து, மென்தூரிகையால் சேற்றைக் கிளறிவிட்டுத் துணியால் துடைக்கிறேன். அரை மணி நேரம் போகும். ஆனால் வயலிலிருந்து வந்த கையோடு கழுவமாட்டேன். வெயிலில் சூடேறிய மோட்டாரில் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர் பட்டால் உள்ளேயுள்ள காற்று சுருங்கி, சீல் வழியே ஈரத்தை இழுக்கும். எங்கள் கிணறு சவர் வேறு. துடைக்காமல் காயவிட்டால் வெள்ளை படியும், நொசிலையும் அடைக்கும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுவே திறம்.

மருந்துத் தாங்கி வேறு விஷயம். அதில் மூன்று தரம் நல்ல தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரை மருந்தடித்த வயலிலேயே தெளித்துத் தீர்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றுவதில்லை.

ஸ்பிரேயரில் சிவப்புப் பெயின்டால் 'ட்ரோன்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அப்படியிருந்தும் போன கிழமை பக்கத்து வளவு அண்ணை மிளகாய்க்கு மருந்தடிக்க இரவல் கேட்டு வந்தார்.