தீவு முகாமா, ஊருக்குள் வாழ்வா?

படகில் வந்து அடைக்கலம் கேட்பவர்களை நவுரு போன்ற வேறு நாட்டுத் தீவில் அடைப்பதா, மனு முடியும்வரை ஊருக்குள் வாழவிடுவதா? ஆஸ்திரேலியாவில் பலருக்கு இன்னும் மனம் இரண்டுபட்டே நிற்கிறது.

செலவு
தீவு: ஆளுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் டாலருக்கு மேல். 2014இல் அரசு அமைத்த தணிக்கை ஆணையமே சொன்ன கணக்கு இது.
ஊர்: தற்காலிக விசாவில் சுமார் 40 ஆயிரம்.

படகுகளைத் தடுப்பது
தீவு: 2012இல் முகாம்களை மறுபடி திறந்த பிறகும் படகுகள் வந்தன. 2013 இறுதியில் கடலிலேயே திருப்பியனுப்பத் தொடங்கிய பிறகுதான் ஏறக்குறைய நின்றன.
ஊர்: தடுக்கும் வலு இதற்கும் இல்லை, ஒத்துக்கொள்ள வேண்டும்.

மனிதர்கள்
தீவு: எப்போது விடுதலை என்றே தெரியாத ஆண்டுகள். பப்புவா நியூகினியின் மானுஸ் தீவில் ஆஸ்திரேலியா வைத்த முகாமில் அடைத்தது சட்டவிரோதம் என்று 2016இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.
ஊர்: அக்கம்பக்கம் உருவாகிறது. குயின்ஸ்லாந்தின் பிலோயிலாவில் 2018இல் ஒரு தமிழ்க் குடும்பத்தை அதிகாரிகள் பிடித்துச் சென்றபோது அந்த ஊரே போராடியது. 2022இல் அவர்கள் திரும்பினார்கள்.

அடைத்துவைக்கும் இந்தப் பழக்கம் அகதிகளோடு தொடங்கவில்லை. சிறை கடைசி வழியாக இருக்கட்டும் என்று, காவலில் இறந்த பழங்குடிகள் பற்றிய அரச ஆணையம் 1991இலேயே சொன்னது. இன்றும் மக்கள்தொகையில் 4 சதவீதத்துக்கும் குறைவான பழங்குடிகள், சிறைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கொதிப்பாக இருக்கிறது.

சரி, எது யாருக்கு? தேர்தலில் கடுமை காட்ட நினைக்கும் கட்சிக்குத் தீவு. மனுவை நியாயமாக, குறைந்த செலவில் விசாரிக்க நினைக்கும் நாட்டுக்கு ஊர்தான்.