வைடி மாஸ்டர்: ஆக்டபேடைத் தட்டினால் மேடை லைட் மாறுமா?

ஆக்டபேடில் (குச்சியால் தட்டி வாசிக்கும் எலக்ட்ரானிக் டிரம் கருவி) ஒரு பேடைத் தட்டியதும் மேடை நீலத்திலிருந்து சிவப்புக்கு மாற வேண்டும். தனியாக லைட் ஆபரேட்டர் வைக்க பட்ஜெட் இல்லை. லைட்டை ஓட்டும் லேப்டாப்போ மேடை ஓரத்தில், 8-10 மீட்டர் தள்ளி இருக்கிறது. இந்த நிலையில் இருக்கும் சின்ன பேண்டுக்கு, மிடியை (இசைக்கருவியும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் செய்தி முறை) ஒயரில்லாமல் ப்ளூடூத்தில் அனுப்பும் சிஎம்இ நிறுவனத்தின் வைடி மாஸ்டர் நல்ல தேர்வு. ஆனால் எதை அதனிடம் ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பொருள் சின்னது. பெரிய பிளக் கருவியின் மிடி அவுட் துளையில், குட்டி ஒயரில் தொங்கும் மற்றது மிடி இன்னில். லைட்டுக்குச் செய்தி அனுப்ப மட்டும் என்றால் முதல் பிளக்கே போதும். பேட்டரி கிடையாது, மிடி அவுட்டில் வரும் 3.3 அல்லது 5 வோல்ட்டிலேயே ஓடும். செருகியும் அதன் விளக்கு எரியவில்லையென்றால் அந்தக் கருவியின் மிடி அவுட்டில் போதிய கரண்ட் வரவில்லை என்று சந்தேகிக்கலாம். அப்படிப்பட்ட பழைய கருவிகளுக்கு வெளியிலிருந்து பவர் கொடுக்க முடிகிற வைடி ஜாக்தான் சரி.

தாமதம் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். இரண்டு வைடி கருவிகளுக்கிடையே 3 மில்லி செகண்ட் வரை இறங்கும் என்கிறது நிறுவனம். அது இரண்டு மூன்று மடங்கானால்கூடக் கவலையில்லை. லைட்டுகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் முறையில், 512 சேனலும் அடங்கிய ஒரு ஃப்ரேம் (ஒரு சுற்றுச் செய்தி) போய்ச் சேரவே சுமார் 23 மில்லி செகண்ட், அதாவது செகண்டுக்கு 44 தடவைதான். இந்தச் சங்கிலியில் மெதுவான கண்ணி ப்ளூடூத் அல்ல.

லேப்டாப் பக்கம்தான் தலைவலி. மேக்கில் ஆடியோ மிடி செட்டப்புக்குள் போய் இணைத்துவிடலாம். விண்டோஸில் ப்ளூடூத் மிடி பல மென்பொருள்களின் கண்ணில் நேரடியாகப் படாது. நடுவே இன்னும் இரண்டு மென்பொருளை ஓட்டிச் சமாளிப்பதைவிட, வைடி பட் ப்ரோ என்ற யுஎஸ்பி டாங்கிளை வாங்கிவிடுவது மேல். டிரைவர் வேண்டாம், சாதாரண யுஎஸ்பி மிடி கருவியாகத் தெரியும், மாஸ்டரோடு தானே இணைந்துகொள்ளும். அதை யுஎஸ்பி 3 துளையில் நேரடியாகச் செருக வேண்டாம். அந்தத் துளை கக்கும் இரைச்சல் ப்ளூடூத்தின் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது. 1 மீட்டர் யுஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு, டாங்கிளை ஆள் தலைக்கு மேலே ஸ்டாண்டில் கட்டிவிடுங்கள். பெட்டியில் சொல்லும் 20 மீட்டர் தடையில்லாத வெளிக்கு மட்டும். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். காலி ஹாலில் வந்த சிக்னல் கூட்டம் சேர்ந்ததும் குறையும். ஆகவே சவுண்ட் செக்கில் வேலை செய்ததை நம்பி டாங்கிளைக் கீழே வைத்துவிடாதீர்கள்.

தானே இணையும் வசதிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதே மேடையில் அடுத்த பேண்டும் வைடி வைத்திருந்தால் யாரோடு யார் சேருவது என்ற குழப்பம் வரும். வைடியின் மொபைல் ஆப்பில் முன்கூட்டியே உங்கள் இரண்டையும் ஒரே குரூப்பாகச் சேர்த்துவிடுங்கள். வேலை முடிந்ததும் ஆப்பை மூடுங்கள். போன் இணைப்பைப் பிடித்துவைத்திருந்தால் டாங்கிளுக்குக் கிடைக்காது.

லைட்டை இயக்கும் மென்பொருளுக்கு இலவசமான க்யூஎல்சி பிளஸ் போதும். இன்புட்டில் மிடி, அவுட்புட்டில் லேப்டாப்பை லைட்டோடு இணைக்கும் யுஎஸ்பி டிஎம்எக்ஸ் பெட்டி. மிடி சேனல் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். ஆக்டபேட் வழக்கமாக 10இல் அனுப்பும். விர்ச்சுவல் கன்சோல் என்ற அதன் திரையில் பட்டன் போட்டு, ஆட்டோ டிடெக்ட் அழுத்தி, பேடைத் தட்டினால் பிடித்துக்கொள்ளும். சீன் (சேமித்துவைத்த ஒரு லைட் அமைப்பு) பட்டன்களை சோலோ ஃப்ரேம் என்ற கட்டத்துக்குள் வையுங்கள், ஒன்று வந்தால் மற்றது விலகும்.

இங்கேதான் பலர் சறுக்குவது. ஒரு முறை தட்டினால் எரிந்து மறுமுறை தட்டினால் அணையும் டாகிள் பட்டனில் ஒரே நோட் இரண்டு முறை வந்தால் லைட் எரிந்து உடனே அணையும். குச்சி துள்ளினாலும், பக்கத்து ஸ்பீக்கர் அதிர்ந்தாலும் இது நடக்கும். பேடின் த்ரெஷோல்டை (எவ்வளவு பலமாகத் தட்டினால் ஏற்க வேண்டும் என்ற அளவை) ஏற்றுங்கள். அழுத்தியிருக்கும்வரை மட்டும் எரியும் ஃப்ளாஷ் பட்டன் கண்ணிமைக்கும் நேரத்தில் அணைந்தால் பேடின் கேட் டைமைக் (நோட் நீடிக்கும் நேரத்தை) கூட்டுங்கள். எப்படியானாலும் மேடை இருட்டாகாமல் இருக்க, சோலோ ஃப்ரேமுக்கு வெளியே 30 சதவீத வெளிச்சத்தில் ஓர் அடிப்படை சீன் ஓடிக்கொண்டிருக்கட்டும். அது அடர்நீலமாக இருக்க வேண்டாம். ஒரே சேனலுக்கு இரண்டு மதிப்பு வந்தால் பெரியதே ஜெயிக்கும் என்பதால், மேலே வரும் சிவப்பு ஊதாவாகிவிடும். மங்கிய ஆம்பர் பொருந்தும்.

டிஎம்எக்ஸ் ஒயருக்கு மைக் ஒயரை வைத்து ஒப்பேற்றுவது 3 லைட்டுக்குத் தாங்கலாம், 10க்குத் தாங்காது. கடைசி லைட்டில் 2, 3ஆம் பின்களுக்கிடையே 120 ஓம் ரெசிஸ்டர் அவசியம். யுஎஸ்பி டிஎம்எக்ஸ் பெட்டிகளில் என்டெக் ஓப்பன் டிஎம்எக்ஸ் மலிவு, ஆனால் நேரக்கணக்கை லேப்டாப்தான் பார்க்க வேண்டும். அதற்குச் சுமை கூடினால் லைட் சிமிட்டும். அதே நிறுவனத்தின் டிஎம்எக்ஸ் யுஎஸ்பி ப்ரோவுக்குள் சொந்த பிராசஸர் இருக்கிறது.

மெல்ல ஏறி இறங்கும் வெளிச்சத்தை மிடி நாப் திருகிச் செய்யாதீர்கள். மிடியில் 0 முதல் 127 வரைதான், டிஎம்எக்ஸில் 255 வரை. மங்கலான பகுதியில் படிப்படியாகக் குதிப்பது கண்ணுக்குத் தெரியும். சீனுக்குள்ளேயே 2 செகண்ட் ஃபேட் இன் கொடுத்துவிட்டு, பேடை அதைக் கிளப்ப மட்டும் பயன்படுத்துங்கள். இணைப்பு அறுந்தால் கடைசி சீன் அப்படியே நிற்கும் என்பதால், பிளாக் அவுட்டும் (எல்லா லைட்டையும் அணைப்பது) ஸ்டாப் ஆலும் (ஓடும் எல்லாவற்றையும் நிறுத்துவது) லேப்டாப் விசையிலேயே இருக்கட்டும். ஸ்ட்ரோபும் புகை மெஷினும் ஒயரில்லாத பேடுக்குப் போகவே கூடாது. அவற்றின் பட்டன் ஒரு ஆளின் கைக்குக் கீழே இருக்க வேண்டும்.