காலர் இல்லாத டி-சர்ட்டா, போலோவா: அமெரிக்கச் சுங்க வரி எங்கே மாறுகிறது?

திருப்பூரிலிருந்து அமெரிக்கா போகும் பின்னலாடைகளில் இந்த இரண்டுக்கும்தான் தலைப்பு எண் (சுங்க அட்டவணையில் பொருளின் வகையைக் குறிக்கும் நான்கு இலக்க எண்) குழப்பம் அதிகம். துணி ஒன்றே, கழுத்துதான் வேறு.

டி-சர்ட் 6109. காலர், பட்டன், கழுத்தில் திறப்பு எதுவும் கூடாது. பருத்தி என்றால் அடிப்படை வரி 16.5%. காலரும் பட்டனும் வைத்த போலோ ஆண்களுக்கு 6105, பெண்களுக்கு 6106, பருத்திக்கு 19.7%. 5 டாலர் மதிப்பில் 1,000 உருப்படி என்றால் 825 டாலருக்குப் பதில் 985. அவ்வப்போது போடும் கூடுதல் வரிகள் தனி.

பலர் வழுக்குவது ஹென்லியில் (காலர் இல்லாமல், கழுத்தில் பட்டன் பட்டி மட்டும் உள்ள சட்டை). காலர் இல்லையே என்று 6109 போடுவார்கள்; மூன்று பட்டன் வைத்த பட்டி இருப்பதால் அது செல்லாது.

போலோவிலும் பொறி உண்டு. இடுப்புக்குக் கீழே பாக்கெட், அடியில் ரிப் (இறுக்கிப் பிடிக்கும் வரிப் பின்னல் பட்டை), அல்லது 10×10 செ.மீ. பரப்பில் எண்ணினால் இரு திசையிலும் சென்டிமீட்டருக்குச் சராசரி 10 கண்ணிக்குக் (பின்னல் வளையத்துக்குக்) குறைவு: இதில் ஒன்று இருந்தாலும் 6105, 6106 இரண்டுமே போச்சு. பெரும்பாலும் ஸ்வெட்டர், புல்லோவர் வகைக்கான 6110-க்குப் போகும். தடித்த பிக்கே (போலோவுக்குப் பயன்படும் மேடுபள்ளப் பின்னல்) துணியை லென்ஸ் வைத்து எண்ணிவிடுங்கள்.

காலரைவிடப் பெரிய அடி நூல் கலவையில் விழும். பாலியஸ்டர் எடையில் மிஞ்சினால் இரண்டுக்கும் 32%. சரிபாதி என்றாலும் பருத்தியாகாது: சமமாக இருந்தால் அட்டவணையில் கடைசியாக வரும் இழையே கணக்கு, அது பாலியஸ்டர். 60/40 பருத்திக் கலவை கேட்டு வாங்குவது இதனால்தான்.